சகலையின் இடது பக்கம்

மார்ச் 3, செவ்வாய்

மூக்குக்கண்ணாடிக் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். கண்ணாடி ஃபிரேம்களையெல்லாம் இரண்டாம் முறை துடைக்கும்போது சகலையிடமிருந்து போன். "ஞாயித்துக்கிழமை ஆத்தோரமா சைக்கிள்ல போறோம். அணையில ஆரம்பிச்சு கடல் வரைக்கும். தொண்ணூத்தாறு கிலோமீட்டர்." கேட்கவில்லை, அறிவித்தார். பஸ் டிரைவர் அல்லவா, பயணியைக் கேட்டுக்கொண்டா வண்டியை எடுப்பார்?

மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். "மாடிப்படி ஏறினாலே உங்களுக்கு மூச்சு வாங்குது!" ரோஷம் வந்து, சரி என்று சொல்லித் தொலைத்தேன்.

மார்ச் 7, சனி

சைக்கிளுக்குக் காற்றடித்தேன். அதிலேயே களைத்துவிட்டேன்.

மார்ச் 8, ஞாயிறு

விரல்கள் இன்னும் ஹேண்டில்பாரைப் பிடித்த மாதிரியே வளைந்திருக்கின்றன. உட்கார முடியவில்லை, நின்றபடி எழுதுகிறேன். இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

விடியும்போது கிளம்பினோம். முதுகில் காற்று, தண்ணீர்மேல் பனிப்புகை. பெடலே மிதிக்காத மாதிரி இருபது கிலோமீட்டர் ஓடிவிட்டது. சகலை முன்னால், பாட்டு வேறு. கேட்ட நீர்க்கோழிகள் பறந்துவிட்டன.

கரைச்சாலையின் இடதுபுறக் கம்பத்தில் அவர் ஹேண்டில் உரசியது. கவனக்குறைவு என்று நினைத்தேன். பிறகு அவர் இடப்பக்கமாகப் போய் உரித்த ஆரஞ்சை நீட்டினேன். நீட்டினேன், நீட்டிக்கொண்டே வந்தேன். வாங்கவே இல்லை. "சகலை!" என்றதும் தூக்கிவாரிப்போட்டு, ஆற்றுச் சரிவில் இறங்கப் பார்த்தார்.

அக்கரைக்குப் போகும் படகில் ஏறும்போது, இடது பக்கம் இருந்த கூடையை உதைத்துவிட்டார். படகுக்காரம்மா, "ஏண்ணே, கண்ணை வீட்டுலயே வச்சுட்டு வந்துட்டீங்களா?" என்றாள். படகே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருபத்திரண்டு வருஷமாகக் கண்களைப் பார்க்கிறவன்.

மதியம் மரத்தடியில் ரொட்டியும் அவித்த முட்டையும். "என் மூக்கையே பாருங்க. விரல் தெரிஞ்சதும் சொல்லுங்க" என்று வலது கண்ணை மூடச் சொன்னேன். இடது ஓரத்திலிருந்து விரலை ஆட்டிக்கொண்டே கொண்டுவந்தேன். முகத்துக்கு நேரே வரப்போகிறது. "விரலை இன்னும் எடுக்கலியா நீ?" என்றார்.

சொன்னேன். இடது ஓரம் உங்களுக்குத் தெரியலை, பஸ் ஓட்டாதீங்க என்று எப்படிச் சொன்னேனோ.

முகம் சிவந்துவிட்டது. "பத்தொன்பது வருஷம்! வண்டியில ஒரு கீறல் கிடையாது. என் பொழப்புல கை வைக்கப் பாக்குறியா?" முட்டையைப் பாதியில் போட்டுவிட்டு ஏறி மிதித்தார். மிச்சம் முப்பத்தாறு கிலோமீட்டரும் எதிர்காற்று. முன்னால் அந்த மஞ்சள் சட்டை. துரத்தினேன். சொல்லாமலே இருந்திருக்கலாமோ? நாளைக் காலை அவருக்கு டியூட்டி. ஐம்பது பேர் ஏறும் வண்டி. எப்படிச் சொல்லாமல் இருப்பது?

ஆறு கடலில் கலக்கும் இடத்தில் மணலில் உட்கார்ந்திருந்தார். நானும் சைக்கிளைப் போட்டுவிட்டுத் தொப்பென்று விழுந்தேன்.

"பஸ்ல இடது பக்கந்தான்டா ஜனங்க ஏறுறதும் இறங்குறதும்" என்றார் அவராகவே.

அங்கிருந்தே டெப்போவுக்குப் போன் போட்டு லீவு சொன்னார்.

மார்ச் 9, திங்கள்

கடையைப் பூட்டிவிட்டு அவரோடு கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கண்ணில் அழுத்தம் கூடி நரம்பு கெட்டிருக்கிறதாம். "போன பார்வை போனதுதான். இருக்கிறதைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாத்தலாம். பஸ் வேண்டாம்" என்றார் டாக்டரம்மா.

சாயங்காலம் என் மனைவியின் அக்கா போனில்: "சைக்கிள் விடக் கூட்டிட்டுப் போய், அவர் வேலையையும் சேர்த்து விட வச்சுட்டீங்களே!" யார் யாரைக் கூட்டிக்கொண்டு போனது என்று நான் வாதாடவில்லை.

மார்ச் 21, சனி

பன்னிரண்டு நாளாகிறது. போனை எடுக்க மாட்டேன் என்கிறார்.

ஏப்ரல் 14, செவ்வாய்

அவரே கூப்பிட்டார்! டெப்போவில் வண்டி நேரம் குறிக்கும் வேலை கொடுத்திருக்கிறார்கள். "நாற்காலிக்கு பிரேக்கும் இல்ல, ஹாரனும் இல்ல. என்னடா வண்டி இது?" என்றார். சிரித்து முடித்துத் திரும்பினால் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். நானும்தான்.

ஜூன் 6, சனி

கடை திறந்ததும் திறக்காததுமாக ஆறு டிரைவர்களை ஓட்டிக்கொண்டு வந்தார் சகலை. "எழுத்தைப் படிக்கச் சொல்லிட்டு அனுப்பிடாதே. பக்கப் பார்வையையும் பாரு." வரிசையில் நின்றவர்களை வேறு அதட்டல்: "சிரிக்காதீங்கடா, மூக்கைப் பாருங்க!"

மூன்று பேருக்குக் குறையில்லை. நாலாவது, தாடிக்காரர். என் விரல் ஓரத்திலிருந்து பாதி தூரம் வந்தும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். நான் விரலை இறக்குவதற்குள், சகலை ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"பயப்படாதே. இப்பவே தெரிஞ்சுது பாரு, அதுவே நல்லது. திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்கு நானும் கூட வரேன்."