எனக்கென்று ஒரு டாக்டர்

அகுவாடா, போர்ட்டோ ரிக்கோ
ஏப்ரல் 14

அன்புத் தம்பி அனிபாலுக்கு,

ஆர்லாண்டோவில் நீயும் லூஸும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் அண்ணி நெரெய்டாவுக்கான ஒன்பதாம் நாள் துக்க ஜெபமாலை முடிந்து நீ விமானம் ஏறியதிலிருந்து ஒரு வரிகூட எழுதவில்லை என்று கோபமாக இருப்பாய். எழுத ஒன்றுமில்லை. மாமரம் காய்த்திருக்கிறது. கூரை ஒழுகலை அடைத்துவிட்டேன்.

நம் டாக்டர் மத்தோஸும் கிளினிக்கை மூடிவிட்டு உன் ஃப்ளோரிடாவுக்கே வந்துவிட்டார். முப்பது நாளுக்குள் வேறொரு பொது மருத்துவ டாக்டரை நானே தேர்ந்தெடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அவர்களே ஒருவரை ஒதுக்கிவிடுவார்கள் என்று காப்பீட்டுக் கம்பெனி கடிதம் போட்டது. நாற்பது வருடமாக எந்த டாக்டர் என்று முடிவு செய்தவள் நெரெய்டா. நான் காரை ஓட்டுவேன், அவ்வளவுதான். அந்தக் கடிதத்தின் மேலேயே தட்டை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒருநாள் குளியலறையில் தலைசுற்றி விழுந்தேன். பெரிய அடியில்லை. ஆனாலும் டாக்டர்கள் பட்டியலைப் பிரித்தேன். முதல் டாக்டர் புது ஆட்களைச் சேர்ப்பதில்லையாம். இரண்டாமவர் செப்டம்பரில் வரச் சொன்னார். மூன்றாவது, மோகாவில் டாக்டர் யாரெலிஸ் என்ற பெண். வீட்டிலுள்ள மருந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வியாழனன்றே வரச் சொன்னார்கள்.

காத்திருந்தபோது பக்கத்தில் இருந்த அம்மாள், "பொண்டாட்டி இழுத்துட்டு வராம தானா டாக்டர்கிட்ட வந்த ஆம்பளைய இப்பத்தான் பாக்குறேன்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

டாக்டருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். மருந்துக் குப்பிகளை ஒவ்வொன்றாக மேசையில் எடுத்து வைத்தார். "நெரெய்டா யாரு?" என்றார். என் மனைவி, ஜனவரியில் போய்விட்டாள் என்றேன். "அவங்க பிரஷர் மாத்திரையும் முக்கால்வாசி காலியா இருக்கே. தெரியாம மாத்திச் சாப்பிட்டீங்களா?"

தெரிந்துதான் என்றேன். அடக்கம் முடிந்த மறுவாரம் அவளுக்கு மூன்று மாத மருந்து தபாலில் வந்தது. தினமும் காலையில் அவளுக்கொன்று, எனக்கொன்று என்று எடுத்து வைப்பாள். நானும் அப்படியே எடுத்து வைத்தேன். விழுங்க ஒரு ஆள்தான் இருந்தான்.

இதை வேறு யாரிடமும் சொல்லவில்லை, அனிபால்.

அவர் திட்டவில்லை. "பிரஷர் ரொம்ப எறங்கிக் கெடக்கு. இன்னும் கொஞ்ச நாள் இப்படியே போயிருந்தா, விழுந்த எடத்துலயே கெடந்திருப்பீங்க" என்றார். அப்புறம், "சாகணும்னு நெனச்சீங்களா?" என்று நேராகவே கேட்டார். எதையுமே நினைக்கவில்லை என்றேன். அது உண்மை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வெளியே பத்துப் பேராவது இருந்திருப்பார்கள். "அடுத்த வியாழக்கிழமை வாங்க. அதுக்கடுத்த வியாழனும் வரணும்" என்றார். சரி என்றேன். இவர்தான் என் டாக்டர் என்று வரவேற்பு மேசையில் கையெழுத்துப் போட்டேன்.

படிவத்தில், அவசரமென்றால் யாரைக் கூப்பிடுவது என்று ஒரு கட்டம் இருந்தது. உன் பெயரை எழுதினேன். "கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவரு வந்து என்ன செய்வாரு? பக்கத்துல யாரும் இல்லையா?" என்று அங்கிருந்த பெண் கேட்டாள். இதுவே இருக்கட்டும் என்றேன். உன்னைக் கேட்காமல் எழுதியது தப்புதான்.

கடவுள் உன்னையும் லூஸையும் காக்கட்டும். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் வெட்டிவிடாதே, தம்பி. எடு.

உன் அண்ணன்,
எஃப்ராயின்