ஒரு ஆள் தூக்கும் மெஷின்

மச்சாள்,

இன்று காலை ஓலைத்தொடுவாய் ஊரில் ஒரு வீட்டுக் கூரையோர மழைப்பீலியை உறிஞ்சி முடித்துவிட்டு மெஷினின் மூடியைத் திறந்தேன். குப்பென்று அந்த மணம் முகத்தில் அடித்தது. ஊறிய வேப்பஞ்சருகு, காகம் கொண்டுவந்து போட்ட மீன்முள், கூரையில் படிந்த மணல் எல்லாம் ஒன்றாகப் புளித்த மணம். முதன்முதல் இது அடித்தபோது நீ மூக்கைப் பொத்திக்கொண்டு, "மழையின்ர வயித்துக்குள்ள தலையை விட்ட மாதிரிக் கிடக்கடி" என்றாய். இன்றைக்கு நான் மூக்கைப் பொத்தவில்லை. மூடியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் குனிந்தே நின்றேன். வீட்டுக்காரர் வந்து, "என்னக்கா, தலை சுத்துதோ?" என்று கேட்டார். ஓம் என்று சொல்லிவிட்டேன். அந்த மனுசனுக்கு வேறு என்னத்தைச் சொல்வது?

நீ தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து திரும்பி வந்த நாள் நினைவுக்கு வந்தது. குமர்ப்பிள்ளையாகப் படகேறிப் போனவள் நரைத்த தலையோடு, மகளையும் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினாய். உன் அண்ணன், என் மனுசன், அதற்கு முன்பே கடலுக்குப் போய்த் திரும்பாமல் போயிருந்தார். அவர் இல்லாத வீட்டுக்குள் நீ எப்படிக் கால் வைக்கப்போகிறாய் என்று நான் பயந்துகொண்டு நின்றேன். நீயோ முற்றத்தில் நின்று கூரையை அண்ணாந்து பார்த்து, "என்ன மச்சாள், பீலிக்குள்ள மரம் முளைச்சு நிக்குது?" என்று கேட்டாய். ஆலங்கன்று ஒன்று உண்மையாகவே இலைவிட்டு நின்றது. இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து முடிய, ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்து அழுதோம்.

மீள்குடியேற்றத்தில் கட்டித்தந்த எங்கள் வீடுகளுக்கெல்லாம் பீலியும் மழைத்தண்ணீர்த் தாங்கியும் இருந்தன. கிணறு உவர் என்பதால் கூரையில் விழுகிற மழையைத்தான் குடிக்கவேண்டும். ஆனால் காற்று அள்ளிவருகிற மணலும் சருகும் பீலியை அடைத்துவிடும். முதல் மழைக்குத் தாங்கியில் தேத்தண்ணீர் நிறத்தில்தான் தண்ணீர் விழும். துப்புரவாக்க ஏறிய ஒருவர் கூரைச் சீற்று உடைந்து விழுந்து இடுப்பு முறிந்து படுத்தபிறகு, ஏணியைக் கண்டாலே ஆண்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். உன் அண்ணன் இருந்திருந்தால் ஏறியிருப்பார். எங்கள் கூரைக்கு ஆள் இல்லை.

"ஏன் ஏறோணும்? கீழ நிண்டு உறிஞ்சினா என்ன?" என்று கேட்டவள் நீ. முகாமில் இருந்த காலத்தில் நீ வேலைக்குப் போன பஞ்சாலையில், உத்தரத்தில் படிகிற பஞ்சுத்தூசியை நீளக் குழாயால் உறிஞ்சி எடுப்பார்களாம். அதைப் பீலிக்குச் செய்து பார்த்தால் என்ன என்று உனக்குத் தோன்றியிருக்கிறது. எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபிறகு நம்பிக்கை வரவில்லை. ஆனால் நான் அப்போது மீன்வாடியில் கருவாடு போட உப்புக்குள் கை விட்டுக்கொண்டிருந்தவள். விரலெல்லாம் வெடித்து, இரவில் சோற்றைப் பிசையக்கூட எரியும். அந்தக் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு நீ சொன்னாய்: "இந்தக் கையை நான் இனி உப்புக்குள்ள விடமாட்டன்." அதற்காகவே உன் பின்னால் வந்தேன்.

முதல் மெஷின் உதவி நிறுவனம் ஒன்று தந்த பழைய சாமான். ஏதோ அரசாங்கக் கந்தோரில் கம்பளத்துத் தூசியை உறிஞ்சி ஓய்ந்தது. பிளாஸ்டிக் குழாயைப் பூட்டி நீட்டிக்கொண்டு நாங்கள் ஊருக்குள் இறங்க, "ரெண்டு பொம்பிளையள் தும்பிக்கையோட திரியினம்" என்று கதை கிளம்பியது. யானைக்காரிகள் என்றே பெயர் வந்துவிட்டது. நீ அதற்கும் கூச்சப்படவில்லை. "யானை எண்டாலும் வந்து கூப்பிடுறாங்கள்தானே" என்றாய். ஓம், கூப்பிட்டார்கள். டெங்கு வந்தபிறகு பீலியில் தண்ணீர் தேங்கினால் சுகாதாரப் பகுதியிலிருந்து கேள்வி வரும் என்ற பயத்தில் மன்னார்ப் பட்டினத்திலிருந்தும் கூப்பிட்டார்கள்.

அந்த மெஷினைக் கொன்றது நாங்கள்தான். உள்ளே இருக்கிற பில்டரில் மணல் ஏறினால் கழுவவேண்டும் என்று தெரியும். ஆனால் மழைபார்த்துச் சேர்த்த நல்ல தண்ணீரை ஒரு அழுக்குச் சாமானில் ஊற்ற எங்களுக்கு மனம் வருமா? கடலில் கொண்டுபோய் அலசினோம். பிறகு பழைய வலையை விரித்து, நெத்தலிக் கருவாட்டுக்குப் பக்கத்தில் வெயிலில் போட்டோம். காகம் கொத்தாமல் நீ காவலும் இருந்தாய். அது உப்புப் பூத்து, கருவாட்டைவிட விறைப்பாகக் காய்ந்து வந்தது. அதைப் பூட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனால் மோட்டார் மூச்சுவிட வழியில்லாமல் கத்தியது, கொஞ்ச நேரத்தில் புகைத்தது. குசினிக்குள் இருந்த வீட்டுக்காரி ஓடிவந்து, "ஆர் கருவாடு பொரிக்கிறது?" என்று கேட்டாளே, அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் நீ மதிலைப் பார்த்துத் திரும்பி நின்று சிரிப்பில் குலுங்கினாய். வீட்டுக்கு வரும் வழியில்தான் இரண்டு பேருக்கும் விசயம் உறைத்தது. மெஷின் இல்லையென்றால் மாரி மழைக்கு முன் ஒத்துக்கொண்ட வீடுகளெல்லாம் போய்விடும். நான் திரும்ப வாடிக்குப் போகவேண்டும்.

ஆகவே அடுத்ததை நாங்களே பார்த்து எடுக்கவேண்டும் என்று முடிவெடுத்தோம். உலர்ந்ததையும் ஈரத்தையும் சேர்த்து உறிஞ்ச வேண்டும், பில்டர் மணலுக்குத் தாங்க வேண்டும், குழாய் கூரை விளிம்பைத் தொட வேண்டும். இதிலெல்லாம் சண்டை இல்லை. பெரியதா சின்னதா என்பதில்தான் சண்டை வந்தது. முதலில் பெரியது வேண்டும் என்று ஆடியவள் நீ. இரண்டு மோட்டார், பெரிய பீப்பாய், ஒரு தடவை நிரம்பினால் ஒரு வீடே முடிந்துவிடும். "நான் ஒரு பக்கம், நீ ஒரு பக்கம். கலியாண வீட்டுக் கிடாரம் மாதிரித் தூக்குவம்" என்று கையை விரித்துக் காட்டினாய். நானும் அந்தக் கிடாரத்தையே மனதில் வைத்திருந்தேன். கொண்டச்சிப் பக்கம் வரைக்கும் போய் வேலை எடுக்கலாம் என்று கனவெல்லாம் கண்டேன்.

கொழும்புக்குப் போனோம். விடியப் போய் இறங்கியதும், சொந்தக்காரர் ஒருவரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று என்னைக் கடை வாசலில் விட்டுவிட்டு நீ போனாய். அது கிளினிக் என்று எனக்கு அப்போது தெரியாது. மத்தியானம் வந்தாய். நீ சாப்பிட நான் சுற்றிவைத்திருந்த பாண் துண்டைத் தொடவில்லை. கடைக்குள் நுழைந்ததும், "பெரிசு வேண்டாம். சின்னதைக் காட்டுங்கோ" என்றாய்.

எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லு. "பஸ்ஸுக்குள்ள வரேக்கயும் பெரிசு பெரிசெண்டு நிண்டாய்!" என்று கடைக்காரருக்கு முன்னாலேயே பாய்ந்தேன்.

"எங்கட வீடுகளின்ர கரண்ட் அதுக்குக் காணாது. மெயின் சுவிட்ச் விழும்."

"விழாது தங்கச்சி" என்று கடைக்காரர் குறுக்கே வந்தார்.

"ஓட்டோவுக்குள்ள அடங்காது."

"அடங்கும்."

நீ அவரை ஒரு பார்வை பார்த்தாய். பாவம், மனுசன் அந்தக் கதையை விட்டார். குழாய்க் கம்பங்களை எடுத்துக் காட்டினார். அலுமினியக் கம்பத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு நீ தள்ளிவைத்தாய். வீடுகளுக்குக் கரண்ட் வயர் வருவது கூரை விளிம்போடுதான், அதில் பட்டால் ஆள் அவ்வளவுதான் என்றாய். பிறகு பைபர் கம்பம் ஒன்றைக் கையில் எடுத்து வளைத்து, "எங்கட மீன்பிடிப் போட்டு செய்யிற சாமான்தான் மச்சாள் இது. இது நம்பலாம்" என்றாய். அந்த நேரம் மட்டும் முகம் கொஞ்சம் வெளித்தது.

அதற்குப் பிறகு நீ செய்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மெஷின்களை ஒவ்வொன்றாக என்னைத் தூக்கச் சொன்னாய். ஈரமணல் நிரம்பினால் எப்படிப் பாரமிருக்கும் என்று பார்க்க, கடைக்காரரிடம் கேட்டு உள்ளே தண்ணீரும் ஊற்றுவித்தாய். நான் தூக்கிக்கொண்டு கதவு வரை போய்த் திரும்பி வர வேண்டும். நீ கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாய். ஒரு தடவைகூட வந்து பிடிக்கவில்லை.

"நான் என்ன கழுதையோ?" என்று கத்தினேன்.

"மன்னாரில கழுதைக்கு என்ன பஞ்சம்? அதுகள் பீலி உறிஞ்சாதெண்டுதான் உன்னைக் கூட்டிக்கொண்டு வந்தனான். இன்னொருக்காத் தூக்கு."

நான் மூச்சு வாங்காமல் கதவுவரை போய்வந்த மெஷினைத்தான் நீ எடுத்தாய். திரும்பிவரும்போது மதவாச்சி வரை நான் உன்னோடு கதைக்கவில்லை. மன்னாரில் இறங்கினால், பஸ் நிலையத்துக்குள் இரண்டு கழுதைகள் எங்களைப் பார்த்தபடி நின்றன. "எழும்பு, உன்ர சனம் கூட்டிக்கொண்டு போக வந்து நிக்குது" என்றாய். கோபத்தோடேயே சிரித்துவிட்டேன். உன்னிடம் எனக்குக் கோபம் நிலைப்பதில்லை.

அந்த மாரி முழுக்கச் சேர்ந்து வேலை செய்தோம். நீ கம்பத்தைப் பிடித்தாய், தூக்குவதெல்லாம் நான். பீப்பாய் சின்னது என்பதால் அடிக்கடி நிரம்பும். ஒவ்வொரு தடவையும் கொண்டுபோய்க் கொட்டும்போது வாய்க்குள் உன்னைத் திட்டுவேன். நீ மெலிந்தாய். "முகாமில திண்ட அரிசிக் கொழுப்பு இப்பத்தான் இறங்குது" என்று சொன்னாய். நான் நம்பினேன். நீ எதைச் சொன்னாலும் சிரிப்பாகச் சொல்லுவாய், நானும் சிரித்துக்கொண்டே நம்பிவிடுவேன்.

மாரி முடிய நீ படுத்தாய். பிறகுதான் நோய் விசயமெல்லாம் வெளியே வந்தது. கடைசித் தடவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஓட்டோ வந்து நின்றபோது, உன்னைப் பாயிலிருந்து நான் தனியாகத்தான் தூக்கினேன். உன் மகள் ஓடிவந்து பிடிக்க முன்னமே தூக்கிவிட்டேன். அவ்வளவுக்கு நீ குறைந்து போயிருந்தாய். என் தோளில் தலையைச் சாய்த்து, "பாத்தியே, பழக்கிவிட்டனான்தானே" என்றாய். ஏதோ காய்ச்சலில் பிதற்றுகிறாய் என்று நினைத்தேன். அதுதான் நீ என்னோடு கடைசியாகப் பேசியது.

உன் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து, வந்த சனமெல்லாம் போனபிறகு, உன் மகள் கதிரைகளை அடுக்கிக்கொண்டே சொன்னாள். "மாமி, அம்மா கொழும்பில கிளினிக்கால வெளிக்கிட்ட உடனே எனக்குப் போன் எடுத்தவ. டொக்டர் சொன்னதைச் சொன்னவ. அழேல்ல. பெரிசை வாங்கினா நான் போனபிறகு மாமிக்கு அது ஏலாது, அவ திரும்ப உப்புக்குப் போவா, தனியத் தூக்கக்கூடியதாப் பாக்கப்போறன் எண்டு சொன்னவ." நான் கையிலிருந்த கதிரையை வைத்துவிட்டு அதிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

என்னிடம் நீ சொல்லியிருக்கலாம், மச்சாள். அந்தக் கடைக்குள் நான் உன்னைப் பேசிய பேச்சையெல்லாம் வாங்கிக்கொண்டு, தண்ணீர் ஊற்றி ஊற்றி, நீ இல்லாத நாளுக்கு என்னை ஒத்திகை பார்த்திருக்கிறாய். அன்றைக்கு உனக்குப் பசித்திருக்காது, விளங்குகிறது. என்னையாவது வாய்விட்டு அழ விட்டிருக்கலாமே. கோபம் வருகிறது. கோபத்துக்குப் பின்னால் வேறொன்றும் வருகிறது, அதற்கு நான் பெயர் சொல்லப்போவதில்லை.

நீ பார்த்து எடுத்தது சரிதான். என் கை இப்போது வெடிப்பதில்லை. இன்றைக்கும் பீப்பாயை நானே தூக்கி, நானே கொட்டி, நானே ஓட்டோவில் ஏற்றினேன். ஓட்டோக்காரர் பிடிக்க வந்தபோது வேண்டாம் என்றேன். ஆனால் தூக்கும் ஒவ்வொரு தடவையும் எனக்கு ஒரு விசர் யோசனை வருகிறது. இரண்டு பேர் இல்லாமல் அசைக்கவே ஏலாத அந்தப் பெரிய மெஷினை அன்றைக்கு நான் பிடிவாதமாய் நின்று எடுப்பித்திருந்தால், மற்றப் பக்கத்தை விட்டுவிட்டுப் போக உனக்கு மனம் வந்திருக்காது என்று.