இடது இருக்கையின் கீழே

வெஸ்ட் மாரேட்பள்ளி,
செகந்திராபாத்.
10 ஜூன் 2025

அன்புள்ள ஜெயா,

நீயும் அக்கா வீட்டாரும் கர்த்தருடைய கிருபையில் நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன் பண்ண வேண்டாம் என்று நீ சொன்னதால் தபாலில் எழுதுகிறேன். ஈஸ்டருக்கு அனுப்பிய வாழ்த்து அட்டை வந்ததா என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். போகட்டும்.

வீட்டை பில்டரிடம் கொடுத்தாகிவிட்டது. ஆகஸ்டு கடைசியில் இடிக்கப்போகிறார்கள். எனக்குக் குகட்பள்ளியில் ஒரு பிளாட் பார்த்திருக்கிறேன், ஏழாவது மாடி. நம் பிள்ளை ரயான் போய் மூன்று வருடம் ஆகப்போகிறது, அவன் அறையை இப்போதுதான் காலி பண்ணினேன். அவன் சட்டைகளைச் சர்ச்சில் கொடுத்துவிட்டேன். உன்னைக் கேட்காமல் கொடுத்ததற்குக் கோபப்படாதே. ஸ்பானர், டிரில் மெஷின் எல்லாம் கார் ஷெட்டில் இருக்கின்றன.

அந்தக் கார் விஷயமாகத்தான் எழுதுகிறேன். பிளாட்டில் பார்க்கிங் என்று காட்டிய இடத்தில் மழை பெய்தால் முழங்கால் தண்ணீர் நிற்கும் என்று வாட்ச்மேனே சொன்னான். அங்கே ட்ரையம்ப் காரை நிறுத்த முடியாது. உன் அப்பாவின் வண்டியை விற்க எப்படி மனசு வந்தது என்று கேட்பாய். மனசு என்று ஒன்றும் வரவில்லை ஜெயா. இப்போதெல்லாம் எதற்குமே ஒன்றும் தோன்றுவதில்லை. காலையில் இட்லி கடைக்காரர் "ரெண்டா மூணா" என்று கேட்டால்கூட நின்று யோசிக்கிறேன்.

மும்பையில் ஒருவர் வாங்கத் தயார். அவருக்காகச் சென்னையிலிருந்து சுதர்சன் என்பவர் வந்து பார்க்கப்போகிறார். பழைய வண்டிகளில் எது அசல், எது பிற்பாடு மாட்டியது என்று பார்த்து மதிப்புச் சொல்வதுதான் அவருடைய வேலை. நம் வண்டியில் அவர் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது? ஐம்பத்தேழில் இங்கிலாந்தில் செய்து, பொல்லாரத்து ராணுவ டாக்டர் ஒருவர் கப்பலில் கொண்டுவந்த வண்டி. அவரிடம் உன் அப்பா வாங்கிய நாளிலிருந்து நாம் ஒரு ஆணியைக்கூட மாற்றியதில்லை.

வண்டி இன்னும் உன் பெயரில்தான் இருக்கிறது. ஆர்.டி.ஓ. பாரத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். பென்சிலால் குறியிட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பு.

உன்,
ஸ்டான்லி


பாளையங்கோட்டை
21 ஜூன் 2025

திரு. ஸ்டான்லி அவர்களுக்கு,

கடிதமும் பாரமும் கிடைத்தன. ஈஸ்டர் அட்டையும் கிடைத்தது. திறந்து கிடக்கிற கல்லறைப் படம் போட்டிருந்தது. அக்காவின் பைபிளுக்குள் வைத்துவிட்டேன்.

சட்டைகளைக் கொடுத்தது நல்லதுதான். யாராவது போட்டுக்கொள்ளட்டும்.

ஒரு ஆணியைக்கூட மாற்றியதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு தடவை வாசித்தேன்.

அந்த வண்டியில் ஏறினாலே கண்ணை மூடிக்கொள்வேன். கதவுக்கு வெளியே பிடி கிடையாது, உள்ளே கையை விட்டுக் கயிற்றை இழுக்க வேண்டும். ஜன்னல் கண்ணாடியும் கிடையாது. அப்பா ஓட்டினாலும் பயம், நீங்கள் ஓட்டினாலும் பயம். ரயான் ஓட்டும்போது மட்டும்தான் கண்ணைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏன் என்று உங்களுக்குத் தெரியும்.

பார்க்க வருகிறவர் என்ன சொல்கிறாரோ அதை அப்படியே எழுதுங்கள். நீங்கள் எதையும் சேர்க்க வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். கையெழுத்தைப் பற்றிப் பிறகு பார்க்கலாம்.

அந்த சீட் பெல்ட் எங்கே இருக்கிறது?

ஜெயசுந்தரி


வெஸ்ட் மாரேட்பள்ளி
3 ஜூலை 2025

அன்புள்ள ஜெயா,

"திரு." என்று போட்டு எழுதியிருந்தாய். தபால்காரரே இரண்டு தடவை பார்த்துவிட்டுக் கொடுத்தார். சரி, உன் இஷ்டம்.

சுதர்சன் வந்தார். முப்பது வயதுதான் இருக்கும். காபி வேண்டாம், முதலில் வண்டியைக் காட்டுங்கள் என்றார். பானெட்டைத் திறந்து முதலில் பார்த்தது இன்ஜின் நம்பரைத்தான். நம் ஊரில் இந்த மாதிரி வண்டிகளில் இன்ஜின் போய்விட்டால், ஜாடை ஒன்றாக இருக்கிறதே என்று பழைய வான்கார்டு காரின் இன்ஜினைத் தூக்கிப் போட்டுவிடுவார்களாம். வெளியே பார்த்தால் தெரியாது, நம்பரின் முதல் எழுத்து காட்டிக்கொடுத்துவிடும் என்றார். நம்முடையது கூடவே பிறந்த இன்ஜின்தான். தகட்டில் உள்ள நம்பரை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "சார், இதை இத்தனை வருஷம் எப்படிக் காப்பாத்தினீங்க?" என்று கேட்டார்.

பெயின்ட் மேல் ஒரு சின்னக் கருவியை வைத்து வைத்துப் பார்த்தார். டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டு, அங்கே இருக்கிற பச்சைதான் தொழிற்சாலைப் பச்சை, வெளியே இருப்பதும் அதே பச்சைதான் என்று சொன்னார். சீட்டுத் தோல் வெடித்திருக்கிறதே, மாற்றிவிடலாமா என்று கேட்டேன். மாற்றிவிட்டால் மதிப்பு போய்விடும், வெடிப்போடு இருப்பதுதான் வண்டிக்கு அழகு என்றார். அப்போது எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது. அப்படி இருந்து ரொம்ப நாளாகிவிட்டது.

அதன் பிறகு இடது பக்கச் சீட்டைக் கழற்றி, தரை விரிப்பைத் தூக்கினார். ரொம்ப நேரம் குனிந்தே இருந்தார். தகரத்தில் இரண்டு இடத்தில் வெல்டிங் வைத்து அடைத்திருக்கிறதே, என்ன என்று கேட்டார். துரு பிடித்திருந்தது, அடைத்தேன் என்று சொன்னேன். "துரு இவ்வளவு வட்டமா வராது சார்" என்றார். நான் காபி போட உள்ளே போய்விட்டேன்.

நீ கேட்டபடி அவர் எழுதிக் கொடுத்ததை அப்படியே எழுதுகிறேன். எல்லாம் அசல் என்று மூன்று பக்கம். கடைசியில் ஒரு வரி: "இடது தரையில் இரண்டு துளைகள், பிற்காலத்தில் போட்டு மூடப்பட்டவை. காரணம் தெரியவில்லை." அதனால் பெரிய குறைவு ஒன்றும் இல்லையாம். முதல் தரம் கொடுத்திருக்கிறார்.

பெல்ட் கார் ஷெட்டில் ஆணியில் தொங்குகிறது. எலி கடிக்கவில்லை. கையெழுத்தை அனுப்பிவிடு.

ஸ்டான்லி


பாளையங்கோட்டை
12 ஜூலை 2025

ஸ்டான்லி அவர்களுக்கு,

காரணம் தெரியவில்லை என்று யார் எழுதியது? அந்தப் பையன் எழுதினான். யார் எழுத வைத்தது?

திருமுல்கெரி வளைவில் என் பக்கத்துக் கதவு தானாகத் திறந்துகொண்டது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நீங்கள் சிரித்தீர்கள். வீட்டுக்கு வந்து இனி இந்த வண்டியில் ஏறவே மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் படுத்தேன். ரயான் ஒன்றும் பேசாமல் ராணிகஞ்ச் போய்ப் பழைய மாருதியில் கழற்றிய இடுப்பு பெல்ட் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தான். என்னைச் சீட்டில் உட்காரவைத்து, "மூச்சை இழுத்துப் பிடிக்காதம்மா, சாதாரணமா உட்காரு" என்று சொல்லி என் தையல் சாக்கட்டியால் இரண்டு பக்கமும் குறித்தான். அப்புறம் சீட்டைக் கழற்றிவிட்டு டிரில்லைப் போட்டான்.

நீங்கள் ஆபீஸிலிருந்து வந்து சத்தம் போட்டது காம்பவுண்டு முழுக்கக் கேட்டது. பழைய கார் ராலியில் விரிப்பைத் தூக்கிப் பார்ப்பார்கள், மார்க் போய்விடும் என்று கத்தினீர்கள். அதற்கு அவன் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "வண்டி ஒரிஜினலா இருக்கணும்னா அம்மாவ வீட்லயே விட்டுட்டுப் போங்கப்பா." இரண்டு பேரும் ஒரு வாரம் பேசிக்கொள்ளவில்லை. அந்த அக்டோபரில்தான் அவனுக்கு டெங்கு வந்தது.

அவனுக்குக் கல்லறைக் கல் வைக்கும் முன்னாலேயே அந்த ஓட்டைகளை மூடினீர்கள். ஜனவரி ராலியில் கோப்பையும் வாங்கினீர்கள். அதைக் கொண்டுவந்து அவன் போட்டோ பக்கத்தில் வைத்தீர்கள். நான் ஏன் போனேன் என்று இரண்டரை வருடமாக எல்லாரிடமும் கேட்கிறீர்கள், என்னிடம் மட்டும் கேட்கவில்லை. உங்கள் மேல் எனக்கு இருந்தது கோபம் இல்லை. அந்த வீட்டில் என் பிள்ளை கை வைத்த இடம் ஒன்றையும் விட்டுவைக்க மாட்டீர்கள் என்று பயந்தேன்.

இப்போது துரு என்று சொல்லியிருக்கிறீர்கள்.

அந்த ஓட்டைகளைத் திறங்கள். பெல்ட்டை மாட்டுங்கள். அதற்கு முன்னால் நான் கையெழுத்துப் போடுவதாக இல்லை. வீட்டை இடிக்கும்போது வண்டியும் உள்ளேயே கிடக்கட்டும்.

ஜெயசுந்தரி


வெஸ்ட் மாரேட்பள்ளி
29 ஜூலை 2025

அன்புள்ள ஜெயா,

நீ சொன்னபடி செய்துவிட்டேன். சரியாகச் செய்யவில்லை. அதையும் எழுதுகிறேன்.

அன்றைக்கு வெல்டிங் வைத்த கரீம் பாயையே கூப்பிட்டேன். வந்து பார்த்துவிட்டு, "கைக்கு சாப், எதுக்கு? நீங்கதானே மூடச் சொன்னீங்க" என்றார். இப்போது திறக்க வேண்டும் என்றேன். நக்கோ, வேண்டாம், வெல்டிங் வைத்த இடம் இறுகிப் போயிருக்கும், டிரில் நிற்காமல் வழுக்கும், என்னிடம் விடுங்கள் என்றார். நானே போடுகிறேன் என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டேன். யாரும் பக்கத்தில் நிற்க வேண்டாம் என்று இருந்தது.

ரயானின் டிரில்தான். அவன் மாட்டிய பிட் அதிலேயே இருந்தது. வட்டத்தின் நடுவில் வைத்து அழுத்தினேன். அவர் சொன்ன மாதிரியே வழுக்கி, ஒரு விரல் தள்ளிப் பக்கத்துத் தகரத்தில் இறங்கிவிட்டது. இரண்டாவதும் அப்படியே. இப்போது மூடிய வட்டங்கள் இரண்டும் அப்படியே இருக்கின்றன, பக்கத்தில் நான் போட்டவை இரண்டும் இருக்கின்றன. அவன் போட்டதைத் திறக்க எனக்குத் தெரியவில்லை ஜெயா. தரையிலேயே உட்கார்ந்திருந்தேன். அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. பக்கத்து வீட்டு குக்கர் விசில் கேட்டதும் எழுந்து கை கழுவிக்கொண்டேன்.

பெல்ட்டை மாட்டிவிட்டேன். நான் இடது பக்கம் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். எனக்கு வயிற்றைப் பிடிக்கிறது. உனக்குச் சரியாக இருக்குமா என்று நீ வந்து உட்கார்ந்தால்தான் தெரியும். இடிக்கிறதற்கு முன்னால் ஒரு தடவை வர முடியுமா? ஸ்டேஷனுக்கு இந்த வண்டியிலேயே வருகிறேன். மெதுவாக ஓட்டுகிறேன்.

சுதர்சனுக்கு போன் பண்ணி, தரையில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டிருக்கிறேன் என்று சொன்னேன். "ஏன் சார்?" என்றார். என்னால் சொல்ல முடியவில்லை. முதல் தரம் போய்விட்டது. விலையைக் குறைத்துக்கொண்டு வாங்குவதற்கு மும்பைக்காரர் இன்னும் தயாராகத்தான் இருக்கிறார். நீ சொல்கிற வரைக்கும் நான் அவருக்குப் பதில் சொல்லவில்லை.

கோப்பையைப் போட்டோ பக்கத்திலிருந்து எடுத்துவிட்டேன்.

உன்,
ஸ்டான்லி


பாளையங்கோட்டை
9 ஆகஸ்டு 2025

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதம் வந்ததும் என்ன எழுதியிருக்கிறார் என்று அக்கா கேட்டாள். ஓட்டை போட்டிருக்கிறார் என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு நிற்கவே இல்லை. கடைசியில் அவள்தான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

கரீம் பாயிடம் திரும்பப் போக வேண்டாம். மூடினது மூடினதாக இருக்கட்டும். அந்த வட்டங்கள் இருக்கிற வரைக்கும் அவன் எங்கே போட்டான் என்று தெரிகிறது. பக்கத்தில் நீங்கள் எங்கே போட்டீர்கள் என்றும் தெரிகிறது. எனக்கு அது போதும்.

நான் வரவில்லை. கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள், அது இப்போது தேடினாலும் இல்லை. அந்த வண்டியில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் இரண்டு பேரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டே போவோம். இறங்கிய பிறகு பேச ஒன்றும் இருக்காது. எனக்கு இங்கே இரண்டு வேளை ஜெபமும் அக்காவின் பேச்சும் பழகிவிட்டன. நீங்களும் அந்த ஏழாவது மாடியில் பழகிக்கொள்ளுங்கள். இட்லி மூன்றாகவே வாங்குங்கள்.

பாரத்தில் கையெழுத்துப் போட்டு உள்ளே வைத்திருக்கிறேன். வண்டியை மும்பைக்காரரிடமே கொடுத்துவிடுங்கள். பெல்ட்டைக் கழற்றாமல் கொடுங்கள். என்னை மாதிரி யாராவது பயந்துகொண்டு அந்தப் பக்கம் உட்காருவார்கள்.

சுதர்சனிடம் ஒன்று மட்டும் சொல்ல வேண்டும், நீங்கள்தான் சொல்ல வேண்டும். காரணம் தெரியவில்லை என்ற வரியை அடித்துவிட்டு, அம்மாவுக்குப் பயம், மகன் போட்டான், பிறகு அப்பா போட்டார் என்று எழுதச் சொல்லுங்கள். அதற்காக எவ்வளவு குறைத்தாலும் குறைக்கட்டும்.

மழை பிடித்துக்கொண்டது என்று டிவியில் சொன்னார்கள். வாங்குகிறவர் வந்து எடுத்துப்போகிற வரைக்கும் வண்டிக்குத் தார்ப்பாய் போட்டு வையுங்கள்.

ஜெயா