நானூற்று முப்பத்தொரு பேர்

ஜூன் 9
கணக்கு டீச்சர் என்பதால் ஊரின் தலைக்கணக்கெடுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். பள்ளி விட்டதும் முதல் தெருவை முடித்தேன். சீ என்று இருக்கிறது. தலைக்கு இவ்வளவு என்று தண்ணீர் வரி போடப்போவதாக எவனோ கிளப்பிவிட்டிருக்கிறான். வீட்டுக்கு வீடு ஆட்களைப் பதுக்குகிறார்கள்.

மளிகைக்கடைக்காரர் வாசலில் ஒன்பது ஜோடிச் செருப்பு. "நானும் சம்சாரமும்தான் டீச்சர், ரெண்டே பேர்" என்கிறார். உள்ளே தொட்டில் ஆடுகிறது. அது என்ன என்றேன்.

"காத்து, டீச்சர்."

வரியே கிடையாது என்று சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றியதுதான் மிச்சம்.

ஜூன் 11
என்னிடம் எட்டாம் வகுப்பு படிக்கிற பெண்ணையே இல்லை என்று சாதித்தாள் அவள் அம்மா. அந்தப் பெண் கதவிடுக்கில் நின்று எனக்கு வணக்கம் வைத்தது. சொன்னதை எழுதித் தொலைத்தேன்.

ஜூன் 14
கூட்டினால் 431. உண்மையில் அறுநூறுக்குக் குறையாது. கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். எக்கேடு கெட்டால் எனக்கென்ன?

ஜூலை 28
கண்டக்டர் சொன்னார் – ஐந்நூறு பேருக்குக் குறைந்த ஊர்களுக்கு முதல் தேதியிலிருந்து பஸ் கிடையாதாம். இங்கே வருவதே ஒரு பஸ், காலை ஏழு பத்துக்கு. வாரத்தில் இரண்டு நாள் அப்பாவை டயாலிசிஸுக்கு எதில் கூட்டிப்போவேன்?

எனக்கென்ன என்று எழுதிய பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 4
பால்காரர் பைக்கில் அப்பாவை நடுவில் உட்காரவைத்து, பின்னால் நான் பிடித்துக்கொண்டு, மெயின்ரோடு வரை ஆறு கிலோமீட்டர். திரும்பும்போது மயங்கி என் மேல் சரிந்துவிட்டார். கண் திறந்ததும் "போதும்மா, விட்ரு" என்கிறார். விடுவதாம். எப்படி விடுவது?

ஆகஸ்ட் 6
ஊர்க்கூட்டம். முதலில் எழுந்தது மளிகைக்கடைக்காரர். "டீச்சர் வீடு வீடா வரவே இல்ல. உக்காந்த இடத்துல எழுதிட்டாங்க."

தொட்டிலை ஆட்டிய காற்று சொல்கிறது! ஒரு வாய்கூட மறுக்கவில்லை. கதவிடுக்குப் பெண்ணின் அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். த்தூ. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டு, கையை என் புடவையில் துடைக்கிறார்கள்.

ஆனால் செருப்பை எண்ணிப் பார்த்தவள் நான்தானே? ஏன் இரண்டு என்று எழுதினேன்? அருவருப்பு என் மேலும்தான்.

ஆகஸ்ட் 10
கணக்கெடுப்பு அதிகாரியைப் பார்த்தேன். "திரும்ப எண்ணலாம்மா. ஆனா முதல் கணக்கு உங்க தப்புன்னு எழுதிக் கொடுங்க. ஜனங்க பொய் சொன்னாங்கன்னு எழுதினா, விசாரணை அது இதுன்னு ஆறு மாசம் ஆகும்."

அப்பாவுக்கு ஆறு மாதம் தாங்குமா? எழுதிக் கொடுத்தேன். பேனாவைக் கழுவ வேண்டும்போல் இருந்தது.

ஆகஸ்ட் 16
இப்போது பதுக்கியதெல்லாம் வாசலுக்கு வந்துவிட்டது. மளிகைக்கடைக்காரர் வீட்டில் வரிசையாகப் பதினோரு பேர், கையில் தொட்டில் குழந்தை உட்பட. அதில் ஒருவர் பக்கத்து ஊரில் இருக்கும் மச்சான். "எங்ககூடதான் இருக்காரு" என்று கூசாமல் சொன்னார். மச்சான் பெயரை அடித்துவிட்டுப் பத்து என்று எழுதினேன்.

மொத்தம் 638.

செப்டம்பர் 8
பஸ் வந்துவிட்டது. அப்பாவுக்கு ஜன்னலோரம். பின்சீட்டில் யாரோ "எண்ணத் தெரியாத கணக்கு டீச்சர்" என்று சிரித்தார்கள். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

தினம் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று எழுதிக் கொடுக்க வேண்டுமாம். குறைந்தால் மறுபடி நிறுத்திவிடுவார்களாம். கண்டக்டர் எண்ணிவிட்டு, "இருபத்திரண்டு" என்றார்.

மளிகைக்கடைக்காரர் மனைவியின் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு ஜோடிச் சின்னச் செருப்பு நீட்டிக்கொண்டிருந்தது. அரை டிக்கெட்டை மிச்சம் பிடிக்கிறாள். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டாள்.

"அது மூட்டை, டீச்சர்."

மூட்டை தும்மியது.

எழுந்து நின்றேன். "இருபத்து மூணு," என்றேன் கண்டக்டரிடம். "எழுதுங்க. நீங்க எழுதற வரைக்கும் நான் உக்கார மாட்டேன்."