திருக்கையின் வயது

12-11-1950, ஞாயிறு. ஹட்டன் தேயிலைத் தோட்டம், அம்மாவின் லய வீடு.

லீவில் எண்ணி முடிக்கலாம் என்று கொழும்பு ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து திருக்கை மீன்களின் முதுகெலும்புகளைக் காயவைத்துக் கொண்டுவந்திருந்தேன். அவற்றில் மரத்தில் இருப்பதுபோல் வளையங்கள் உண்டு. எண்ணினால் வயது தெரியும். எந்த வயதில் எவ்வளவு வளர்கிறது என்று தெரிந்தால்தான், இதைவிடச் சிறியதைப் பிடிக்காதே என்று மீனவரிடம் சொல்ல முடியும். ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் அந்த மீனின் நீளத்தை எழுதியிருந்தேன்.

கடற்கரைப் பக்கமிருந்து மகன் பொட்டலம் கொண்டுவந்தால் அம்மாவுக்கு அது கருவாடுதான். எல்லாவற்றையும் கத்தரிக்காயோடு போட்டுக் குழம்பு வைத்துவிட்டாள். காகிதம் அடுப்பு மூட்டப் போய்விட்டது.

“சதையே இல்லாத கருவாட்ட எவன்ப்பா ஒன் தலையில கட்டுனான்?”

கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. தட்டில் கிடந்த எலும்புகளைக் கழுவிப் பார்த்தேன். வெந்ததில் வளையங்கள் பளிச்சென்று தெரிந்தன. வயது இருக்கிறது. எந்த மீனுடையது என்றுதான் தெரியவில்லை.

விவரத்தைச் சொன்னேன். அம்மா ஓர் எலும்பை எடுத்து விளக்கடியில் திருப்பிப் பார்த்தாள்.

“மீனுக்கே வயசு பாக்குறீங்க. இந்த நாட்டுப் பிரஜாவுரிமைக்கு எழுதிப்போட என் வயசக் கேக்குறாங்க. எனக்கே தெரியாது. அதையும் பாத்துச் சொல்லேன்ப்பா.”

சிரித்துக்கொண்டேதான் விளக்கடியில் கையை நீட்டினாள். நெடுநேரம் மடக்கவில்லை.