நங்கோனா வேரும் என் தோலும்

1936 ஜனவரி 20, திங்கள்

தவளைத் தொட்டியின் மூடியை யாரோ சரியாக வைக்காமல் போய்விட்டார்கள். காலை முழுவதும் ஆய்வுக்கூடத்து மேஜைகளுக்கு அடியில் தவழ்ந்து தவளை பிடித்தேன். முப்பத்து மூன்று வயதில், மருத்துவக் கல்லூரி டெமான்ஸ்ட்ரேட்டர் பத்மாஸினி பார்க்கும் உத்தியோகம் இது.

பதினொரு மணிக்கு டாக்டர் நஞ்சுண்டசாமி ஆள் அனுப்பினார். அவர் கன்னடக்காரர். வார்டில் ஒருவர் பேசும் தமிழ் அவருக்குப் பிடிபடவில்லையாம், வந்து எடுத்துச் சொல் என்றார். கௌதள்ளி கிராமத்துக்காரர், பெயர் சென்னிமலை. பிஜித் தீவுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குப் போய், இருபத்தொரு வருஷம் கழித்துப் போன வருஷம்தான் கப்பலில் திரும்பியவர். உடம்பு முழுவதும் தோல் வறண்டு, மீன் செதிலைப் போல் அடுக்கடுக்காக உரிந்து நிற்கிறது. எந்த அதிகாரியோ பார்த்த மாத்திரத்தில் குஷ்டம் என்று எழுதிவிட்டாராம். ஊரில் கிணற்றுப் பக்கம் வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மனைவி தேவம்மாவோடு காட்டோரம் குடிசை போட்டு இருக்கிறார்.

கண்ணை மூடச் சொல்லி, டாக்டர் ஊசி முனையால் பத்துப் பன்னிரண்டு இடம் தொட்டார். ஒவ்வொரு தடவையும், "வலிக்குதுங்க" என்றார் சென்னிமலை. குஷ்டமென்றால் அங்கே மரத்துப் போயிருக்க வேண்டாமா?

"இது எனக்குப் புதுசில்லீங்க அம்மிணி. அங்க நங்கோனா குடிக்கிற ஆளுக பாதிப் பேருக்கு இப்பிடித்தான் இருக்கும். ஆரும் கண்டுக்க மாட்டாங்க."

நங்கோனா? அது என்ன?

ஜனவரி 22, புதன்

சென்னிமலை பிஜியிலிருந்து இரண்டு சாக்கு நிறைய நங்கோனா வேர் கொண்டு வந்திருக்கிறார். ஒன்றை தேவம்மா ஆய்வுக்கூடத்துக்கே தூக்கி வந்து பொத்தென்று போட்டாள். "இந்தச் சனியனைத்தானுங்க பொழுதானாக் கரைச்சுக் கரைச்சுக் குடிக்கிறாரு." இன்னொன்றையும் கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். சென்னிமலை இனி ஒரு வாய்கூடக் குடிக்கக் கூடாது என்று டாக்டர் உத்தரவு.

நூலகத்தில் தேடினேன். புத்தகங்களில் இதற்குக் காவா என்று பெயர். மிளகும் வெற்றிலையும் இதற்கு உறவு. வேரை இடித்துக் குளிர்ந்த நீரில் ஊறவைத்துத் துணியில் பிழிந்து குடிக்கிறார்கள். நாக்கு மரக்கும், கைகால் தளரும், புத்தி கலங்காது என்று இருக்கிறது. ஒரு பழைய கப்பல் மருத்துவர் மட்டும், நாள்பட்ட குடிகாரர்களின் தோல் செதில் செதிலாகிறது என்று ஒரே ஒரு வரி எழுதி வைத்திருக்கிறார். குடிப்பதை நிறுத்தினால் என்ன ஆகும் என்று எழுதவில்லை.

பிப்ரவரி 4, செவ்வாய்

சாராயத்தில் இறக்கிய சத்தைத் தவளைக்குக் கொடுத்தோம். பின்னங்கால்கள் துவண்டு நீண்டன. கண் மட்டும் திறந்தே இருந்தது.

மனித உடம்பில் என்ன செய்கிறது என்று குறித்துக்கொள்ள ஒருவர் வேண்டும். நானே குடிக்கிறேன் என்றேன். டாக்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "தினம் ஒரே கிண்ணம்தான், நோடம்மா, பார்த்துக்கொள்" என்றார்.

மாலை நாலரை மணிக்குக் குடித்தேன். சேற்றுத் தண்ணீரின் நிறம். கசப்பு, பிறகு ஒரு காரம், பிறகு நாக்கு என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. நாடி எண்பதிலிருந்து எழுபத்திரண்டு. எழுந்து நடந்தபோது தரை ஒரு விரற்கடை கீழே இருந்தது. ஜன்னலில் சாமுண்டி மலை. இத்தனை வருஷம் தினமும் பார்க்கும் மலைதான். இன்றைக்கு அது மூச்சு விட்டுக்கொண்டிருந்தது போல் இருந்தது. பயமே இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன், தப்பில்லாமல் வந்தது.

பிப்ரவரி 19, புதன்

தூங்கினேன். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு, விடியும் வரை.

மார்ச் 12, வியாழன்

கல்லூரிச் சாலை மரங்களில் ஊதாப் பூ கொட்டத் தொடங்கிவிட்டது. மாலையில் கிண்ணத்தைக் குடித்துவிட்டு, குறிப்பெழுதும் சாக்கில் ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுகிறேன். சாலையில் ஜட்கா போகும் சத்தம் தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பது போல் வருகிறது. 

இன்று என் கணவர் வரதன் வந்தார். தூக்கமில்லை, விழித்துத்தான் இருந்தேன். கண் மூடியிருந்தது, அவ்வளவுதான். மேல்கோட்டைக் கோயில் படிகளில் எனக்கு நாலு படி முன்னால் ஏறிக்கொண்டிருந்தார். திரும்பி, "மெதுவா வா, என்ன அவசரம்" என்றார். இருமவில்லை. அவர் போன பிறகு இந்த ஒன்பது வருஷமும் அவரை நினைத்தாலே அந்தக் கடைசி மாத இருமல்தான் முதலில் காதில் வரும். இன்று வரவில்லை.

இதை ஆய்வுக் குறிப்பேட்டில் எப்படி எழுதுவது? "இனிய காட்சிகள் தோன்றின" என்று எழுதினேன்.

ஏப்ரல் 9, வியாழன்

சென்னிமலையின் தோல் தெளிந்துவிட்டது! இரண்டு மாதத்துக்கு மேலாக அவர் ஒரு சொட்டும் தொடவில்லை. முன்கை, மார்பு, முகம், எல்லாம் சாதாரணத் தோல். ஓடிப் போய் டாக்டரிடம் சொன்னேன். குஷ்டமில்லை என்று சான்றிதழில் கையெழுத்துப் போடுவார் என்று நினைத்தேன்.

போடவில்லை. "வார்டில் இவருக்கு நீரடிமுத்து எண்ணெய் ஊசியும் போட்டார்களே. அது குஷ்டத்துக்கான மருந்து. இதனால் குணமா, அதனால் குணமா? தோலைச் சுரண்டிப் பார்த்ததில் கிருமி இல்லை என்கிறாய். கிருமி தென்படாத குஷ்டமும் உண்டு. நாளைக்குத் திரும்பி வந்தால் ஊரே என்னைக் கேட்கும்."

அவர் சொல்வது நியாயம்தான். அதுதான் எரிச்சலாக இருக்கிறது. ஆகஸ்டு முதல் தேதிக்குள் சான்றிதழ் வராவிட்டால் சென்னிமலையைக் குஷ்டரோகிகள் விடுதிக்கு அனுப்ப உத்தரவாகியிருக்கிறது. அங்கே போனவர் திரும்புவதில்லை.

ஏப்ரல் 10, வெள்ளி

நோயே இல்லாத ஒருவர் உடம்பில் இதே செதில் வர வேண்டும். நிறுத்தியதும் போக வேண்டும். எண்ணெயும் கூடாது, ஊசியும் கூடாது. அப்போது யாரும் மறுக்க முடியாது.

அந்த ஒருவர் வேறு யாராக இருக்க முடியும்? தினமும் ஆறு கிண்ணம். டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். செதில் கண்ட அன்றே நிறுத்திவிட வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டார்.

மே 8, வெள்ளி

ஒன்றுமில்லை. கண் மட்டும் சிவந்திருக்கிறது. பசி குறைந்துவிட்டது. மாலைகள் நீண்டுகொண்டே போகின்றன. குக்கரஹள்ளி ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தேன். கொக்குகள் இறங்குவதும் எழுவதும் ஒரே நீண்ட அசைவாக, யாரோ வெள்ளைத் துணியை உதறி உதறி மடிப்பது போல. வரதன் பக்கத்தில் இருந்தார். 

மே 23, சனி

வந்துவிட்டது. கணுக்காலுக்கு மேலே, ரூபாய் அகலத்துக்கு. பூதக்கண்ணாடியில் பார்த்தேன், சென்னிமலைக்கு இருந்த அதே செதில். கையைத் தட்டிச் சிரித்தேன். தனியாக.

மே 28, வியாழன்

நெற்றியிலும் புறங்கைகளிலும் பரவிவிட்டது. காலையில் மன்னி லக்ஷ்மம்மா காபி டம்ளரை என் கையில் கொடுக்காமல் கீழே வைத்தாள். வைத்துவிட்டு அவளே அழுதாள். "கோச்சுக்காதே பத்மா. கையிலே குழந்தை இருக்கு. எனக்கு பயமா இருக்குடி."

அண்ணா ரங்காவுக்குக் கோபம். "ஊர் பேர் தெரியாதவனுக்காக உடம்பைக் கெடுத்துக்கறியா? வேலையை விட்டுடு. நாளைக்கே."

மருந்துதான், போய்விடும் என்றேன். போகும் என்று எனக்கு மட்டும் எப்படித் தெரியும்?

தனித் தட்டு. தனி டம்ளர். பின்கட்டு அறை. யாரும் என்னைத் தீண்டாமல் சுற்றிப் போகிறார்கள். ஒரே நாளிலேயே நெஞ்சு இப்படி வறண்டு போகிறதே. அந்த மனிதர் ஒரு வருஷமாக எப்படி இருந்தார்?

ஜூன் 7, ஞாயிறு

நிறுத்தவில்லை.

செதில் கண்ட அன்றே நிறுத்துவதாகத்தான் எழுதிக் கொடுத்தேன். "உறுதி செய்துகொள்ள மேலும் சில நாள் தொடரப்பட்டது" என்று குறிப்பேட்டில் இருக்கிறது. என் கையெழுத்துதான். டாக்டர் பெங்களூரில், மாத முடிவில்தான் வருவார். கேட்பதற்கு ஆளில்லை.

என்ன உறுதி செய்துகொண்டிருக்கிறேன், பத்மாஸினி?

ஜூன் 16, செவ்வாய்

தேவம்மாவும் சென்னிமலையும் வந்தார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. சான்றிதழ் என்ன ஆயிற்று என்று கேட்க வந்தவர்கள். முகத்தை முக்காட்டில் மறைத்துக்கொண்டேன். தேவம்மா நேராக வந்து முக்காட்டை விலக்கி, என் கையைப் பிடித்துப் புரட்டிப் பார்த்தாள். ஏறக்குறைய மூன்று வாரமாக என்னை யாரும் தொடவில்லை. 

"ஏனுங்க அம்மிணி, நீங்களும் அதைக் குடிக்கறீங்களாக்கும்? உங்குளுக்கென்னங்க தலையெழுத்து?"

காரணத்தைச் சொன்னேன். சென்னிமலை தலையில் கைவைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.  பிறகு நான்தான், ஏன் கேட்டேனோ, குடித்தால் அவருக்கு என்ன தோன்றும் என்று கேட்டேன்.

"இவதானுங்க வருவா," என்றார் தேவம்மாவைக் காட்டி. "பொழுதானா நாலு சிரட்டை ஊத்திக்கிட்டு வரப்புல உக்காந்தா, பக்கத்துல வந்து உக்காந்துக்குவா. அஞ்சு வருசத்துல ஒப்பந்தம் முடிஞ்சுதுங்க. கப்பலும் இருந்துச்சு. அடுத்த கப்பல்ல போலாம், அடுத்த கப்பல்ல போலாம்னு… தெனமும் பாத்துக்கிட்டுத்தானே இருக்கறோம்னு தோணிப்போச்சுங்க."

தேவம்மா அவரைப் பார்க்கவில்லை. "கனவுல வந்தவளோட பதினாறு வருசம் குடும்பம் நடத்திப்போட்டு வந்திருக்கறாரு. நான் இங்க ஒத்தையில களை வெட்டிக்கிட்டுக் கெடந்தேன். அவ நானில்லீங்க அம்மிணி. அவளுக்கு வயசே ஆகலியே."

அவர்கள் போன பிறகு மாலை ஆறு கிண்ணமும் மேஜையில் இருந்தன. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வரதனுக்கு இப்போது நாற்பத்தொன்று ஆகியிருக்கும். படிகளில் ஏறுகிறவருக்கு முப்பத்திரண்டு.

கழுவும் தொட்டியில் கொட்டிவிட்டேன். 

ஜூன் 17, புதன்

குறிப்பேட்டில் அந்த வரியை அடித்துவிட்டு எழுதினேன்: "மே 23-க்குப் பிறகு தொடர்ந்தது ஆராய்ச்சிக்காக அல்ல. நிறுத்த எனக்கு விருப்பமில்லை. இந்தப் பானத்தின் விளைவுகளில் இதையும் சேர்க்க வேண்டும்."



ஜூன் 21, ஞாயிறு

தூக்கம் இல்லை. கண்ணை மூடினால் இருமல் கேட்கிறது. அதே பழைய இருமல். கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். அதுவும் அவர்தானே. அன்றைக்கு நான் முதுகைத் தடவிக் கொடுத்தேன், வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். நான் நிஜமாகவே அங்கே இருந்தேன்.

ஜூலை 9, வியாழன்

நெற்றி தெளிந்துவிட்டது. கணுக்கால் இன்னும் இல்லை. ஒரு சொட்டு எண்ணெய் தடவவில்லை. பெங்களூரிலிருந்து வந்தது முதல் ஒவ்வொரு திங்கட்கிழமையும் டாக்டர் அளந்து படம் வரைந்து வைக்கிறார். 

ஜூலை 18, சனி

குழந்தை தவழ்ந்து பின்கட்டு வரைக்கும் வந்துவிட்டது. மன்னி பின்னாலேயே ஓடி வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள். நின்றுவிட்டாள். "தூக்கிண்டு வாயேன், பாலுக்கு நேரமாச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

தூக்கிக்கொண்டு போனேன். எவ்வளவு கனம்.

ஜூலை 30, வியாழன்

கணுக்காலும் தெளிந்தது. நிறுத்தி ஆறு வாரம்.

டாக்டர் குறிப்பேட்டை முதலிலிருந்து படித்தார். அடித்து எழுதிய வரிக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றினார். 

"இதை ஏன் எழுதினாய் அம்மா? பத்திரிகைக்கு அனுப்பும்போது உன்னைப் பார்த்துச் சிரிப்பார்கள்."

"நடந்தது அதுதான் ஸார்."

மறுபடி ஒரு தரம் படித்தார். "இந்த ஒரு வரி இருப்பதால் மற்றதையெல்லாம் நம்புகிறேன்" என்றார். கன்னடத்தில்தான் சொன்னார், மெதுவாக. பிறகு சென்னிமலையின் கேஸ் ஷீட்டை எடுத்து, குஷ்டம் என்ற சொல்லைச் சிவப்பு மையால் கோடிட்டு அடித்து, காவா வேரினால் வந்த தோல் வறட்சி, தொற்றாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சான்றிதழ் கன்னடத்தில் ஒன்று, தமிழில் ஒன்று. தமிழை நான் எழுதினேன். பதிவுத் தபால், இன்றே.

மீதி வேரை என்ன செய்வது என்றார். சாராயத்தில் போட்டுச் சத்தை இறக்கிவிடலாம், தவளைக்கு ஆகும் என்றேன். அலமாரிச் சாவியை அவரிடமே கொடுத்துவிட்டேன்.

செப்டம்பர் 3, வியாழன்

நாலு மணி நேரம் தூங்கினேன். போதும்.

நவம்பர் 12, வியாழன்

மூன்று மாதம் கழித்து ஒரு தரம் தோலைப் பார்க்க வேண்டும் என்று சென்னிமலையை இன்றைக்கு வரச் சொல்லியிருந்தோம். பதினொரு மணி வரை ஆள் இல்லை. திரும்ப வேர் எங்காவது கிடைத்து உட்கார்ந்துவிட்டாரோ, ஊரில் ஏதாவது தகராறோ என்று எனக்குப் படபடப்பு. டாக்டர் இரண்டு தரம் வந்து எட்டிப் பார்த்தார்.

மத்தியானத் தபாலில் ஒரு கார்டு வந்தது. தேவம்மா சொல்ல யாரோ எழுதியது:

"டாக்டரம்மாவுக்கு நமஸ்காரம். குறிச்ச தேதிக்கு அவரால வர முடியலீங்க. எங்க காட்டுல கடலை புடுங்கறோம். ஊர்ச்சனம் பதினஞ்சு பேரு வந்திருக்குது. நாளைக்கு அவங்க காட்டுக்கு இவரு போயாகோணும். ரெண்டு வாரத்துக்கு ஆளு சும்மா இருக்கறதுக்கில்லீங்க. ராத்திரி சாப்பிட்டதும் தூங்கிப்போடறாரு."

பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே "வரவில்லை" என்று எழுதினேன். காரணம் எழுத ஒரு கட்டம் இருக்கிறது. பெரும்பாலும் காலியாகவே விட்டுவிடுவோம். இன்றைக்கு நிதானமாக, நல்ல மையில், "கடலை அறுவடை" என்று எழுதினேன்.