காணாமல் போனோர் பட்டியலில் வரிசை எண் 31

அனுப்புநர்:
தையல்காரம்மாவின் இளைய மகள், வயது 16,
வெள்ள நிவாரண முகாம், எட்டாம் வகுப்பு அறை.

பெறுநர்:
உயர்திரு பேரிடர் நிவாரண அலுவலர் அவர்கள்.

பொருள்: உயிரோடிருக்கும் என்னைக் காணாமல் போனோர் பட்டியலிலிருந்து எடுப்பது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

1. என் அக்கா வெளிநாட்டில் படிக்கிறாள். ஆற்றில் நீர் ஏறுவதைத் தங்கள் அலுவலக இணையப் பக்கத்தில் பார்த்து, எங்களுக்கு முன்பே அவள்தான் அறிந்தாள். "தையல் மெஷினை விட்டுட்டு மாடிக்கு ஏறும்மா" என்று போனில் கத்தினாள். ஏறினோம், பிழைத்தோம்.

2. பிறகு போன் நனைந்துவிட்டது. மூன்று நாள் பதில் இல்லாததால், அதே பக்கத்தில் அம்மாவையும் என்னையும் காணவில்லை என்று பதிந்திருக்கிறாள்.

3. முகாமில் பெயர் எழுதியபோது நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்றேன். புது ஆள் முன் எனக்குப் பேச்சு வராது. பள்ளியை விட்டதும் அதனால்தான். எழுதியவர் அம்மாவின் பெயருக்குப் பக்கத்தில் "கூட ஒருவர்" என்று போட்டுக்கொண்டார். அதை வைத்து அம்மாவின் பெயர் காணாமல் போனோர் பட்டியலிலிருந்து போனது, என் பெயர் நிற்கிறது. இதில் என் பிழையும் உண்டு.

4. முகாம் போனில் அக்காவிடம் பேசினேன். மழையில் நனைந்து தொண்டை கட்டியிருந்தது. பின்னால் வரிசையில் இருபது பேர். "அக்கா" என்பதற்கு மேல் வரவில்லை. "யாரும்மா நீ? அம்மா பேசச் சொன்னாங்களா?" என்று அழுதாள். மறுபடி பேசினால் வேறு பெண் என்கிறாள், முகாம் போனில் படம் அனுப்பினால் பழைய படம் என்கிறாள். தன் தேர்வு கெடக் கூடாதென்று நான் செத்ததை அம்மா மறைப்பதாக நினைக்கிறாள். அந்தப் பக்கத்தை நம்பித்தான் நாங்கள் பிழைத்தோம். இப்போது அதை நம்பாதே என்று எப்படிச் சொல்வேன்?

5. நேற்று தங்கள் அலுவலகம் வந்து, பட்டியலில் 31-ஐத் தொட்டு, என்னைக் காட்டினேன். கவுன்டரில் இருந்த அண்ணன் சிரித்தார். "காணாமப் போன பொண்ணே வந்து நின்னா எப்படிம்மா? பதிஞ்சவங்க நேர்ல வந்து கையெழுத்துப் போடணும்." அக்கா வரக் கூடாது என்பதற்காகத்தானே ஐயா பெயரை எடுக்கக் கேட்கிறேன்! திங்கட்கிழமை அவளுக்குக் கடைசித் தேர்வு. எழுதாமல் கிளம்பினால் அந்தப் படிப்பு மறுபடி கிடைக்காது.

6. அம்மா போன் பேசும்போது நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். அக்கா இப்போது என்னைப் பற்றிக் கேட்பதில்லை.

ஆகவே, என் பெயரை நீக்கினால் மட்டும் போதாது. உடல் கிடைத்துவிட்டது என்று எண்ணிக்கொள்வாள். அதே இடத்தில் "முகாமில் இருக்கிறாள்" என்று சேர்க்க வேண்டுகிறேன். இங்கே மாலை ஆறு மணிக்கு அவளுக்கு விடியும். எழுந்ததும் அந்தப் பக்கத்தைத்தான் திறப்பாள்.

தாங்கள் அழைத்தால் நேரில் வருகிறேன். இந்த முறை பெயர் கேட்டால் சொல்லிவிடுவேன்.

இடம்: முகாம்
நாள்: வெள்ளிக்கிழமை

இப்படிக்கு,
தங்கள் பட்டியலில் 31